குழைத்த மா பொய் சொல்லாது

பெயர் சொல்ல மாட்டேன். பெயரைப் போட்டு எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது. எனக்கும் அந்த உரிமை இல்லை. மொன்றியலின் லாசாலில் இருந்த அந்தப் பாஸ்தாப் பட்டறைக்கு வந்தவர்கள் தமிழரோ இத்தாலியரோ கியூபெக்காரரோ, எல்லாருமே அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அது தமிழில் ஒரு முறைச்சொல் என்பதே சிலருக்குத் தெரியாது. உணவகம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் 'மதாம் அக்கா' என்பார். அக்காவும் 'வுய், வுய்' என்று திரும்பிப் பார்ப்பார்.

யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி மொன்றியலில் இத்தாலியச் சாப்பாடு செய்து விற்பது எங்கள் ஆட்களுக்குப் பகிடியாக இருந்தது. கோயிலில் கண்டால் விடமாட்டார்கள். "என்ன, இத்தாலிக்காரரின்ர இடியப்பம் எப்பிடிப் போகுது?" என்று கேட்பார்கள். "போகுது. உங்கட வாயைப் போல நீளமாய்த்தான் போகுது" என்பார் அக்கா. பகிடி விட வந்தவர் பிறகு தேர் சுற்றும்வரை வாய் திறக்கமாட்டார்.

அவருடைய கணவர் ஓர் இத்தாலியரின் பட்டறையில் பதினேழு வருடம் வேலை செய்தவர். இத்தாலியருக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகளுக்கு மாவில் கைவைக்க விருப்பமில்லை. அதனால் இடத்தையும் இயந்திரங்களையும் இவரிடமே விட்டுவிட்டுப் போனார். செய்முறையை மட்டும் மாற்றக்கூடாது என்று கேட்டுக்கொண்டாராம். மாவை இழையாகப் பிழியும் வெண்கல அச்சு, மரச் சட்டத்தில் இரண்டு நாள் மெல்ல உலரவிடுவது, அவ்வளவுதான். அக்காவின் கணவரை நான் அண்ணை என்பேன். அவர் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டார். மா அக்காவின் கைக்குப் போனது. நான் பிறகு வந்து சேர்ந்தேன். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அலுவலகங்கள் துப்புரவு செய்துகொண்டிருந்தவளை, கோயிலில் கண்டு பிடித்துக்கொண்டு வந்தவர் அக்காதான். "உந்த மொப்பைப் போட்டுட்டு வா. மாவிலை கைவைச்சால் கை மணக்கும்" என்றார்.

கரடுமுரடான கோதுமை மாவும் தண்ணீரும்தான். முட்டை கிடையாது, உப்பும் கிடையாது. உருண்டையாகப் பிசையக்கூடாது. அச்சுக்குள் போகிற மா உதிரியாக, பிட்டுக்குக் குழைத்ததுபோல இருக்கவேண்டும். அக்கா ஐந்து கிலோவாகத் தொட்டியில் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து, விரல்களால் உரசிக்கொண்டே போவார். ஒரு கட்டத்தில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பொத்துவார். பிடித்தால் பிடிபடவேண்டும், பெருவிரலால் தட்டினால் இரண்டாய் உடையவேண்டும். தண்ணீர் கொஞ்சம் கூடினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும். குறைந்தால் காயும்போது வெடிக்கும். மாரியில் ஹீற்றர் போட்டால் ஓர் அளவு, ஆடி மாதப் புழுக்கத்துக்கு வேறோர் அளவு, சாக்குக்குச் சாக்கு இன்னோர் அளவு. ஒன்றையும் அவர் எழுதி வைத்ததில்லை. "பிட்டுக் குழைக்கத் தெரியாமல் இத்தாலிக்காரர் இவ்வளவு காலமும் எப்பிடித்தான் சமாளிச்சினமோ" என்று சொல்லிச் சிரிப்பார்.

அக்காவின் மகன் ஒருமுறை இலத்திரன் தராசும் தண்ணீருக்கு வெப்பமானியும் வாங்கிவந்து கொடுத்தான். நல்ல பிள்ளை, தாய் கஷ்டப்படக்கூடாது என்று நினைத்தவன். அக்கா தராசின்மேல் தன் தேத்தண்ணிப் போத்தலை வைத்துக்கொண்டார். அது வருடக்கணக்காகப் போத்தலின் நிறையைக் காட்டிக்கொண்டே இருந்தது. "உது மாவின்ர பாரத்தைத்தான் சொல்லும். மாவின்ர மனதைச் சொல்லுமோ?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் சிரித்துவிட்டேன்.

அவருக்கு மா சொன்னால் சரி. வேறு எவர் சொன்னாலும் சரிவராது. ஒரு தேர்த் திருவிழா நாளில் காலமை மாவைத் தொட்டுவிட்டு, "எல்லாரும் குடை எடுங்கோ" என்றார். ரெலிபோனில் பார்த்தேன், முழு நாளும் வெயில் என்று போட்டிருந்தது. நான் பட்டுச்சேலையும் கொண்டைப் பூவுமாகப் போனேன். பின்னேரம் கோழிக்குஞ்சு மாதிரி நனைந்து நின்றேன். அக்கா குடைக்குக் கீழே நின்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அந்தச் சேலையின் கரை சாயம்போனதுதான் மிச்சம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அவரை நான் ஏன் அவ்வளவு நேசித்தேன் என்பது விளங்காது. ஊரில் என் அம்மா செத்த செய்தி வந்த அடுத்த நாள் வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் விசர் பிடித்துவிடும்போல இருந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை. முகத்தைக் கழுவி, பொட்டு வைத்து, 'பொன்ஜூர்' சொல்லிக்கொண்டுதான் உள்ளே போனேன். ஒரு தொட்டி மா குழைத்து வைத்தேன். அக்கா வந்து ஒரு பிடி பொத்திப் பார்த்தார். இன்னொரு பிடி பொத்தினார். பிறகு போய் இயந்திரத்தை நிற்பாட்டினார்.

"என்ன பிள்ளை நடந்தது?"

"ஒண்டுமில்லை அக்கா."

"மா சொல்லுது, நீ இல்லையெண்டுறாய். ஆரை நான் நம்ப?"

அவ்வளவுதான். மாக்கையோடு அவரைக் கட்டிப்பிடித்து நான் அழுத அழுகை வாசலுக்கு வெளியே கேட்டிருக்கும். அன்று பட்டறையைப் பூட்டிவிட்டு என்னோடு வீட்டுக்கு வந்து, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுவரைக்கும் எனக்குச் சமைத்துத் தந்தார். சொந்தத் தமக்கைகூட அப்படிச் செய்யமாட்டாள்.

அப்படிப்பட்டவருக்குத்தான் நான் பொய் சொன்னேன். ஒருநாள் இருநாள் அல்ல, மாதக்கணக்காகச் சொன்னேன்.

அக்காவுக்குக் குடலில் புற்றுநோய்க் கட்டி என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு ஒருதரம், பன்னிரண்டு தரம் மருந்து ஏற்றவேண்டும் என்றார்கள். அக்கா பயப்பட்டதாகத் தெரியவில்லை. மருந்து ஏற்றி நாலாம் நாள் பட்டறைக்கு வந்துவிடுவார். முகம் வெளிறிப்போயிருக்கும், வாய்க்கு ஒன்றும் பிடிக்காது, ஆனால் கை தொட்டிக்குள் இருக்கும். "வீட்டிலை படுத்தால் நான் வருத்தக்காரி. இஞ்சை நிண்டால் நான் நான்தான்" என்பார். நாங்களும் விட்டுவிட்டோம்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் அவர் குழைத்த மா அச்சிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. அப்படி ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை. அக்கா முன்பக்கம் ஆரோடோ கதைத்துக்கொண்டிருந்தார். நான் தொட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தேன், தண்ணீர் கூடிவிட்டது. இரண்டு கை மாவைத் தூவி உரசிச் சரிப்படுத்தினேன். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் மாறி, காய்ந்துபோய் இருந்தது. அண்ணையிடம் சொன்னேன். அவர் என்னை உலரவைக்கும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"தங்கச்சி, அவவுக்கு இன்னும் ஏழு தரம் மருந்து ஏத்தக் கிடக்கு. மருந்தாலை கை மரத்துப் போகுது எண்டு தெரிஞ்சால் அண்டைக்கே மருந்து எல்லாத்தையும் விட்டுடுவா. உமக்கு அவவைத் தெரியுந்தானே."

"ஓம் அண்ணை. ஆனால்..."

"ஆனால் கீனால் ஒண்டும் வேண்டாம். மாவை நாங்கள் ரெண்டுபேரும் திருத்தலாம். அவ போயிட்டால் ஆரைத் திருத்திறது?"

அந்த மனுசன் அழுததை நான் அதற்கு முதல் பார்த்ததில்லை. நான் ஓம் என்றேன். ஐயோ, என்ன சுலபமாகச் சொன்னேன்!

அதற்குப் பிறகு அது ஒரு நாடகமாகிவிட்டது. அக்கா மா குழைத்து முடிக்கிற நேரம் பார்த்து அண்ணை முன்பக்கத்திலிருந்து, "இஞ்சரும், ஒருக்கா வந்திட்டுப் போம்!" என்று கூப்பிடுவார். ஏதாவது ஒரு கடிதம், ஒரு ஆள், ஒரு ரெலிபோன். அக்கா முணுமுணுத்துக்கொண்டு போவார். நான் கெதியாகத் தொட்டிக்குள் கையை விடுவேன். திரும்பி வந்து அக்கா அச்சில் மாவைப் போடுவார். இழைகள் நீளமாக, ஒட்டாமல், வெண்கலம் உரசிய சொரசொரப்போடு இறங்கும். அவருடைய முகத்தில் வரும் அந்தச் சந்தோசத்தைப் பார்த்துவிட்டு, நாங்கள் செய்வது நல்ல காரியம்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

அக்காவுக்குத் தன் விரல்கள் மரத்துப்போவது தெரியாதா என்று கேட்கலாம். தெரிந்தது. ஒருநாள் என்னிடமே சொன்னார்.

"விரல் நுனியெல்லாம் துணி சுத்தினமாதிரிக் கிடக்கு, பிள்ளை."

நான் வாய் திறக்குமுன் அவரே தொடர்ந்தார்.

"குளிருக்காக்கும். மா சரியாய் வருதுதானே? கையிலை பிழையெண்டால் மா வராது."

கடவுளே! தன் விரல் சொன்னதை அவர் நம்பவில்லை, மா சொன்னதை நம்பினார். அந்த மாவைப் பொய் சொல்லப் பழக்கியவள் நான்.

மருந்து ஏற்றமுன் ஒவ்வொருமுறையும் டொக்ரரைப் பார்க்கவேண்டும். அக்காவுக்குக் கடைப் பிரெஞ்சுதான் தெரியும், அதனால் கூடப் போகிறவள் நான். டொக்ரர் இளம்பெண், நல்லவர், அவசரப்படமாட்டார். ஒவ்வொருமுறையும் அதே கேள்வியைக் கேட்பார்: விரல்கள் விறைக்கிறதா, பொத்தான் பூட்ட முடிகிறதா, சின்னப் பொருளை எடுக்க முடிகிறதா? நான் தமிழில் சொல்வேன். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வார்.

"சொல்லு பிள்ளை, காலமையும் மா குழைச்சுப்போட்டுத்தான் வாறன் எண்டு. திறமான மா. எனக்குக் கையிலை ஒரு குறையும் இல்லை."

நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. டொக்ரர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். ஒருமுறை அக்கா அவருக்கு ஒரு பெட்டி பாஸ்தாவும் கொண்டுபோய்க் கொடுத்தார். 'இதைச் செய்த கைகளா!' என்று டொக்ரர் வியந்தார். அதையும் நானே மொழிபெயர்த்தேன். உண்மையைச் சொன்னால் மருந்தை நிற்பாட்டிவிடுவார்கள், அக்கா செத்துப்போவார் என்றுதான் நினைத்தேன். இரண்டுக்கும் இடையில் ஒரு வழி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மாசி மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. எழும்பவே முடியவில்லை. அண்ணைக்குச் செய்தி அனுப்பினேன், தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அன்றைக்கென்று பட்டறையின் வான் பழுதாகி அவர் கராஜில் மாட்டுப்பட்டுவிட்டார். 'பட்ட காலிலே படும்' என்று சும்மாவா சொன்னார்கள். அக்கா பட்டறையில் தனியாக இருந்தார்.

மத்தியானம் அண்ணை திரும்பிவந்தபோது மூன்று தொட்டிகள் வரிசையாக இருந்தனவாம். முதலாவது களியாகிப்போயிருந்தது. சாக்கில்தான் பிழை என்று நினைத்து அக்கா வேறு சாக்கை உடைத்திருக்கிறார். அதுவும் களி. மூன்றாவது சாக்கில் தண்ணீரைக் குறைத்தார் போல, அது மணல்மாதிரிக் கிடந்தது. அக்கா கதிரையில் இருந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "எப்ப தொடக்கம்?" என்று மட்டும் கேட்டாராம். அண்ணை நிலத்தைப் பார்த்தாராம்.

பின்னேரம் எனக்கு ரெலிபோன் வந்தது.

"காய்ச்சல் எப்பிடிப் பிள்ளை? மல்லித் தண்ணி குடிச்சனியோ?"

"ஓம் அக்கா."

"என்ர மாவை எவ்வளவு நாளாய்த் திருத்திறாய்?"

என் வாயில் பொய் ஒன்று வந்து நின்றது. சொல்ல முடியவில்லை. "கார்த்திகை தொடக்கம், அக்கா" என்றேன்.

அவர் ஏசுவார் என்று பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்கு நல்லது.

"அப்ப டொக்ரரிட்டை நான் சொன்னதெல்லாம் பொய். நீதானே பிள்ளை பிரெஞ்சிலை சொன்னனி?"

அடுத்தமுறை டொக்ரரிடம் போனபோது எல்லாவற்றையும் சொன்னோம். அவர் அக்காவைக் கண்ணை மூடச்சொல்லி, ஊசிமுனையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, எந்த விரல் என்று கேட்டார். "தொடட்டும், சொல்லுறன்" என்றார் அக்கா. டொக்ரர் அப்போது தொட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அவர் எங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் உள்ளதைச் சொன்னார். ஏற்றுகிற மருந்துகளில் ஒன்றுதான் நரம்பைத் தாக்குவது. விறைப்பு தொடங்கியதுமே தெரிந்திருந்தால் அதை மட்டும் குறைத்து, அல்லது நிற்பாட்டி, மற்றதை ஏற்றிக்கொண்டு போயிருப்பார்களாம். அதற்காகத்தான் ஒவ்வொருமுறையும் கேட்டாராம். இனி விரல்களில் உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். இதையும் நான்தான் அக்காவுக்குத் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொன்ன வாய்க்குப் பொரியும் கிடையாது என்பார்கள். எனக்குக் கிடைத்தது அதைவிட மோசம்.

விரல்கள் திரும்பவில்லை. குடலில் இருந்த வருத்தமும் திரும்பவில்லை. அதைச் சொல்லித்தான் அண்ணை ஒருநாள் பொறுமையிழந்து கத்தினார்: "உயிரோடை இருக்கிறீர்தானே! அது காணாதோ உமக்கு?" அக்கா, "இருக்கிறன்தான்" என்றார்.

அந்தக் கோடையில் ஒரேயொருமுறை பட்டறைக்கு வந்தார். கையைக் கழுவி, நான் குழைத்து வைத்திருந்த தொட்டிக்குள் இரண்டு கைகளையும் விட்டார். கொஞ்சநேரம் அப்படியே நின்றார். பிறகு வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டு, வெளியே நின்ற வானில் போய் ஏறி இருந்தார். நாங்கள் பின்னால் போகவில்லை. நானும் அண்ணையும் அதற்குப் பிறகு ஒரு வருடம் நடத்தினோம், தராசு வைத்து, அளந்து ஊற்றி. வாங்குகிற ஒருவர்கூட ருசி மாறிவிட்டது என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். பிறகு இடத்தை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு, அக்காவும் அண்ணையும் கர்க்லாண்டில் மகன் வீட்டோடு போய்விட்டார்கள். எனக்கு ஒரு கார்டெறியில், பகல்நேரப் பராமரிப்பில் விடும் சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கிற வேலை கிடைத்தது.

போய்ப் பார்க்க எனக்கு முகம் இல்லை. நல்ல நாள் பெரிய நாளுக்கு ரெலிபோனில் கதைப்போம். சாப்பிட்டியோ, பனி கொட்டுதோ, பிள்ளையள் என்ன செய்யினம், அவ்வளவுதான். மாவைப்பற்றி அவரும் எடுக்கமாட்டார், நானும் எடுக்கமாட்டேன். போன வருடம் இலையுதிர்காலத்தில் மனம் கேட்காமல் ஒருநாள் போனேன். பஸ் மாறி மாறிப் போய்ச் சேர இரண்டு மணித்தியாலமாயிற்று. வீட்டில் அக்கா மட்டும்தான் இருந்தார். மெலிந்திருந்தார். பொத்தான் இல்லாத சட்டை, வார்க் கொளுவி இல்லாத செருப்பு. என்னைக் கண்டதும், "எடி, வந்திட்டியே!" என்று கட்டிப்பிடித்தார்.

"இரு, தேத்தண்ணி போடுறன். மருமகள் என்னை அடுப்படிக்கு விடுறேல்லை. அவள் வரமுதல் குடிச்சிடுவம்."

"நான் போடுறன் அக்கா."

"விசர்க் கதை கதையாதை. நீ விருந்தாளி. இரு."

இருந்தேன். கேத்தல் கொதிக்கிற சத்தம் கேட்டது. கரண்டி ஒன்று விழுந்தது, அவர் தன்னைத்தானே ஏசிக்கொண்டார். பிறகு கண்ணாடிக் கிளாஸ் ஒன்றை உள்ளங்கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். அதற்குப் பிடி இல்லை. ஆவி அவருடைய முகத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. கிளாசைப் பிடித்திருந்த விரல்கள் செக்கச்செவேலென்று இருந்தன.

"சூடு காணுமோ, இன்னும் வேணுமோ பாரன்" என்று என்னிடம் நீட்டினார்.

அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்தார். காணும் அக்கா என்று சொல்லி வாங்கிக் குடித்துவிடலாம் என்று ஒருகணம் நினைத்தேன். மெய்யாகவே நினைத்தேன்.

"அக்கா, கிளாசைக் கீழை வையுங்கோ. கை வேகுது."

அவர் கிளாசை மேசையில் வைத்தார். கையைத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தார்.

"இப்பவாவது சொன்னாய்" என்றார்.

குரலில் ஒரு கோபமும் இல்லை. நான் அவரைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய், பைப்பைத் திறந்து, அந்தக் கையை என் இரண்டு கைகளாலும் பிடித்துத் தண்ணீருக்குக் கீழே வைத்தேன். அழுதுகொண்டுதான் நின்றேன். அக்கா அழவில்லை. தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"தண்ணி குளிருதோ, பிள்ளை?"